எம்.புதுப்பட்டியா, வ.புதுப்பட்டியா? ஊரில் இருக்கும் பிறப்புச் சான்றிதழைக் கையில் வாங்குவது எப்படி?

விருதுநகர் மாவட்டத்தில் புதுப்பட்டி என்று மட்டும் சொன்னால் போதாது. சிவகாசி பக்கம் இருப்பது எம்.புதுப்பட்டி. வத்திராயிருப்பு பக்கம் இருப்பது வ.புதுப்பட்டி. முன்னது கிராம ஊராட்சி, பின்னது பேரூராட்சி. டீக்கடைப் பேச்சில் இந்த வித்தியாசத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால், பிறப்புச் சான்றிதழ் கேட்டுப் போகும்போது எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதை முடிவு செய்வதே அந்த ஒற்றை எழுத்துதான்.

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பலருக்கு, வெளிநாட்டு விசா, பி.எஃப். திருத்தம், அப்பா அம்மாவின் பென்ஷன் என்று ஏதாவது ஒன்று வரும்போதுதான் ‘பிறப்புச் சான்றிதழ் எங்கே?’ என்ற கேள்வி வருகிறது. ரெண்டு நாள் லீவு போட்டு ஊருக்கு வந்து, வி.ஏ.ஓ. ஆபீஸ், தாலுகா ஆபீஸ், மாநகராட்சி என்று ஏறி இறங்கினால், “இங்கே இல்ல தம்பி, அங்கே போய்க் கேட்டுப் பாருங்க” என்ற பதில்தான் எல்லா இடத்திலும் கிடைக்கும். இதில் பாதி அலைச்சலை வீட்டில் உட்கார்ந்தபடியே தவிர்க்கலாம். அதற்கு இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். குழந்தை பிறந்தது எந்த இடத்தில்? எந்த ஆண்டில்?

இந்தத் தாளுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ல் வந்தது. 2023-ல் அது திருத்தப்பட்டு, 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, ஆதார், பாஸ்போர்ட் என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, பிறந்த இடத்துக்கான ஆவணம் பிறப்புச் சான்றிதழ்தான். 2025 பிப்ரவரியில் பாஸ்போர்ட் விதிகளும் இதற்கேற்ப மாற்றப்பட்டன.

அதற்கு முன்பு பிறந்தவர்களுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பள்ளிச் சான்றிதழ், பான் கார்டு, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றில் ஒன்று போதும். ‘அப்படியானால் நமக்கு எதற்கு?’ என்று தோன்றலாம். சிவகாசி வட்டாரத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் வேறு மாதிரி இருக்கிறது.

பட்டாசு பூமியில் ஒரு தேதியின் விலை

2023 அக்டோபர் 17 அன்று எம்.புதுப்பட்டி அருகே ரெங்கபாளையத்தில் நடந்த பட்டாசு விபத்தில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பெரும்பாலானவர்கள் பெண்கள். இப்படி ஒரு விபத்து நடந்த வீட்டில், துக்கம் ஆறும் முன்பே கேட்கப்படும் ஆவணங்களில் ஒன்று, இறந்தவரின் வயதுக்கான ஆதாரம்.

காரணம், இழப்பீட்டுக் கணக்கிலேயே வயது இருக்கிறது. 1923-ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த முறைப்படி, மாத ஊதியத்தில் பாதியை எடுத்து, வயதுக்கு உரிய ஒரு காரணியால் பெருக்க வேண்டும். 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் வயதுக் காரணி முறையையே வைத்திருக்கிறது. 40 வயதுக்குக் காரணி 184.17. 45 வயதுக்கு 169.44. மத்திய அரசு 2020-ல் அறிவித்த 15,000 ரூபாய் மாத ஊதிய வரம்பை வைத்துப் போட்டால், 40 வயதுக்கு 13,81,275 ரூபாய். 45 வயதுக்கு 12,70,800 ரூபாய். ஐந்து வயது தப்பாகக் கூடிப்போனால் குடும்பத்துக்கு 1,10,475 ரூபாய் நட்டம். இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருக்கும் தொழிலாளர் என்றால் கணக்கு வேறு. அங்கே சார்ந்தோருக்கு மாதாந்திர உதவித்தொகை கிடைக்கும். மகனுக்கு அது 25 வயது வரைதான். அதாவது அங்கே பிள்ளையின் பிறந்த தேதி கேட்கப்படும்.

‘ஆதாரில்தான் தேதி இருக்கே’ என்பது பொதுவான நினைப்பு. ஆனால் ஆதார் எடுக்கும்போது சான்று எதுவும் இல்லாதவர்களுக்கு, அவர்கள் சொன்ன வயதைக் கொண்டு உத்தேசமாக ஒரு பிறந்த ஆண்டு போடப்பட்டது. பள்ளிக்கூடம் போகாமல் சின்ன வயதிலேயே வேலைக்குப் போன பெண்கள் பலரின் அட்டையில் இருப்பது இந்த உத்தேசக் கணக்குதான். ஆதார் பிறந்த தேதிக்கான சான்று அல்ல என்று ஆதார் ஆணையமே 2023 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. அடுத்த மாதமே வருங்கால வைப்பு நிதி அமைப்பு, பிறந்த தேதித் திருத்தத்துக்கான ஆவணப் பட்டியலிலிருந்து ஆதாரை நீக்கியது. 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. அந்த வழக்கில் இறந்தவருக்கு ஆதார்படி 47 வயது, பள்ளிச் சான்றிதழ்படி 45. நீதிமன்றம் பள்ளிச் சான்றிதழை ஏற்றுக்கொண்டது.

இந்த வட்டாரத்தில் வயதுக் கேள்விக்கு இன்னொரு பழைய முகமும் உண்டு. சிவகாசித் தொழிற்சாலைகளில் குழந்தைகள் வேலை பார்த்தது பற்றித் தொடரப்பட்ட எம்.சி.மேத்தா வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டு, 14 முதல் 18 வயதுக்கு உட்பட்டவர்களையும் வெடிபொருள் வேலையில் சேர்க்கக் கூடாது என்றானது. ஆய்வுக்கு வரும் அதிகாரி ‘இந்தப் பிள்ளைக்கு வயது என்ன?’ என்று கேட்கும்போது, கையில் ஆவணம் இல்லையென்றால் விஷயம் மருத்துவரிடம் போகும். எலும்பைப் பார்த்து வயதைச் சொன்னாலும் அது ஒரு உத்தேசம்தான். பிறந்த ஒரு மாதத்துக்குள் எழுதிய பதிவு உத்தேசம் அல்ல.

முதல் கேள்வி: பிறந்தது எங்கே?

சட்டத்தின் அடிப்படை ஒன்றே ஒன்றுதான். பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். அப்பா அம்மா குடியிருக்கும் ஊர், ரேஷன் கார்டில் இருக்கும் ஊர், சொந்த ஊர் எதுவும் இதில் கணக்கில்லை.

எம்.புதுப்பட்டிக்காரர் ஒருவர் சிவகாசியில் உள்ள மருத்துவமனையில் பிறந்திருந்தால், அவருடைய பதிவு எம்.புதுப்பட்டியில் இருக்காது. சிவகாசி நகரத்தின் பதிவேட்டில் இருக்கும். சிவகாசி அப்போது நகராட்சி. 2021-ல் திருத்தங்கலையும் சேர்த்து மாநகராட்சி ஆனது. ஆகவே பழைய நகராட்சிப் பதிவுகளையும் இப்போது மாநகராட்சியில்தான் கேட்க வேண்டும். விருதுநகர் அரசு மருத்துவமனையிலோ மதுரை ராஜாஜி மருத்துவமனையிலோ பிறந்திருந்தால், அந்தந்த ஊரில்தான் கேட்க வேண்டும்.

இங்கேதான் பலர் தடுக்கி விழும் இடம் வருகிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் ஊர் வழக்கம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போனவர், அங்கே பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியில்தான் பெற்றிருப்பார். அதனால் ஒரே குடும்பத்தில் மூத்த பிள்ளையின் பதிவு அம்மாவைப் பெற்ற ஊரிலும், இளையவர்களின் பதிவு அப்பா ஊரிலும் இருக்கும். தம்பிக்கு எம்.புதுப்பட்டியில் சான்றிதழ் கிடைத்தது என்பதற்காக அண்ணனுக்கும் அங்கேயே தேடினால், எத்தனை பக்கம் புரட்டினாலும் வராது. ஆகவே, அலுவலகத்துக்குப் போகும் முன் அம்மாவிடமோ ஆச்சியிடமோ கேட்க வேண்டியது இதுதான்: “நான் பொறந்தது எந்த ஊர்ல? வீட்லயா, ஆஸ்பத்திரிலயா?”

இடத்தைப் பொறுத்துப் பதிவாளரும் மாறுவார். கிராமத்தில் வீட்டில் நடந்த பிறப்புக்குக் கிராம நிர்வாக அலுவலர்தான் பதிவாளர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்த பிறப்பைச் சுகாதார ஆய்வாளர் பதிவு செய்வார். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்றால் அந்தந்த உள்ளாட்சி அலுவலகம். மருத்துவமனையில் பிறந்திருந்தால் தகவல் கொடுக்க வேண்டியது மருத்துவமனை நிர்வாகத்தின் பொறுப்பு. வீட்டில் பிறந்திருந்தால் அது குடும்பத் தலைவரின் பொறுப்பு.

இரண்டாவது கேள்வி: எந்த ஆண்டு?

பதிவேடு எழுதிய இடத்திலேயே நிரந்தரமாக இருப்பதில்லை. கிராமத்துப் பதிவேடுகள் எழுதி முடிந்ததும் தாலுகா அலுவலகம் வழியாக, பாதுகாப்புக்காகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடும். பத்திரம் பதியும் அதே அலுவலகம்தான். 1990-ல் கிராமத்து வீட்டில் பிறந்த ஒருவர் இன்றைய வி.ஏ.ஓ.விடம் போய்க் கேட்டால், “எங்கிட்ட அந்த ரிஜிஸ்டர் இல்லைங்க” என்று அவர் சொல்வது தட்டிக்கழிப்பு அல்ல. உண்மையிலேயே இருக்காது.

எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்பதிலும் குழப்பம் வரும். தாலுகா எல்லையும் சார்பதிவாளர் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. பதிவுத் துறையின் இணையதளத்தில் கிராமத்தின் பெயரைக் கொடுத்தால், அது எந்தச் சார்பதிவாளர் எல்லையில் வருகிறது என்று தெரிந்துவிடும். கிராமப் பிறப்புப் பதிவுகளின் சான்றுக்கு விண்ணப்பிக்கும் வசதியும் அதே தளத்தில் இருக்கிறது. நகராட்சி, மாநகராட்சி என்றால் இந்தச் சிக்கல் இல்லை. பழைய பதிவேடும் அங்கேயேதான் இருக்கும்.

2018 முதல் நிலைமை மாறிவிட்டது. மாநிலம் முழுவதும் ஒரே மென்பொருளில் பதிவு நடப்பதால், அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளின் சான்றிதழைச் செல்போனிலேயே பதிவிறக்கிக்கொள்ளலாம். சிக்கல் எல்லாம் அதற்கு முந்தைய தலைமுறைக்குத்தான். அதாவது, இன்று வேலைக்குப் போகும் வயதில் இருக்கும் அத்தனை பேருக்கும்.

அப்பா அம்மாவுக்காகத் தேடுகிறவர்கள் இன்னும் பின்னால் போக வேண்டியிருக்கும். 1969 சட்டத்துக்கு முன்பே, 1899-ம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டத்தின்கீழ் பிறப்புகள் பதிவாகி வந்தன. கிராமத்தில் எழுதியவர் அந்தக் காலத்துக் கிராம அதிகாரி. பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறையை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்த பிறகுதான் வி.ஏ.ஓ. பதவி வந்தது. ஆகவே அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் பதிவு இருக்க வாய்ப்பு உண்டு. ‘அந்தக் காலத்துல எவன் எழுதினான்?’ என்று தேடாமலே விட்டுவிட வேண்டியதில்லை.

பதிவேட்டில் தேடும்போது…

பழைய பதிவேட்டில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. ‘ஆண் குழந்தை’, ‘பெண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும். பெயர் வைப்பதற்கு முன்பே எழுதியது அது. எனவே தேட வேண்டியது உங்கள் பெயரை அல்ல; அப்பா பெயர், அம்மா பெயர், தேதி இந்த மூன்றையும்தான்.

அப்பா பெயரிலும் கவனம் வேண்டும். ஆதாரில் செல்லப்பாண்டி என்று இருப்பவர் பதிவேட்டில் வெறும் பாண்டியாக இருக்கலாம். முனியசாமி, முனியசுவாமி ஆகியிருக்கலாம். தாத்தா பெயர் தெரிந்தால் இன்னும் நல்லது.

தேதியைப் பொறுத்தவரை, பள்ளிச் சான்றிதழை முழுதாக நம்பிப் போகக் கூடாது. ஒரு காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. ஜூனில் சேர்க்கை என்பதால், அதற்கு ஏற்ற மாதிரி மே மாதத்திலோ ஜூன் தொடக்கத்திலோ வாத்தியாரே ஒரு தேதியைப் போட்டுவிடுவார். நாடு முழுவதும் மாட்டும் காலண்டரை அச்சடிக்கும் சிவகாசிப் பக்கத்திலும், அசல் பிறந்தநாள் ஒன்று, பள்ளிக்கூடத்துப் பிறந்தநாள் ஒன்று என்று இரண்டு தேதியோடு இருப்பவர்கள் ஏராளம்.

ஜாதகம் இருந்தால் அதுதான் நல்ல துப்பு. தமிழ் ஆண்டும் மாதமும் அதில் இருக்கும். ‘பிரஜோற்பத்தி, ஆவணி’ என்று இருந்தால் 1991 ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை பார்த்தால் போதும். ஜாதகமும் இல்லையென்றால், வீட்டுப் பெரியவர்களின் நினைவுதான் வழி. ‘விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்கு முந்தின வாரம்’, ‘பெரியம்மா மகனுக்கு ஆறு மாசம் இளையவன்’ என்பது போன்ற பேச்சிலிருந்தே ஆண்டைப் பிடித்துவிடலாம். தேடுதல் கட்டணம் ஆண்டு வாரியாக வாங்கப்படுகிறது. ஆண்டைக் குறுக்கிக்கொண்டு போனால் பணமும் மிச்சம். தேடித் தருகிறவரின் பொறுமையும் மிச்சம்.

இன்னொன்று: சான்றிதழில் மாவட்டத்தின் பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம். விருதுநகர் மாவட்டம் 1985-ல்தான் ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்தது. பிறகு சில ஆண்டுகள் காமராஜர் மாவட்டம் என்ற பெயரில் இருந்தது. 1982-ல் பிறந்தவரின் பதிவில் ‘ராமநாதபுரம்’ என்று இருந்தால் அது பிழை அல்ல.

சான்றிதழ் கிடைத்தது, பெயர் இல்லை

பெயர் இல்லாத சான்றிதழ் செல்லுபடியாகும் ஆவணம்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு ‘இது நான்தான்’ என்று நிரூபிப்பது கஷ்டம். எனவே பெயரைச் சேர்க்க வேண்டும். பதிவு செய்து 12 மாதங்களுக்குள் என்றால் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு, 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். 2000-க்கு முன் பதிவான பிறப்புகளுக்கும் 15 ஆண்டுகளைத் தாண்டியவற்றுக்கும் சிறப்புச் சலுகையாகக் காலக்கெடு அடுத்தடுத்து நீட்டிக்கப்பட்டு வந்தது. 2019 டிசம்பர் 31-ல் முடிய இருந்தது, 2024 டிசம்பர் 31 வரை நீண்டது. இந்த வயதினர் பயணத்துக்கு டிக்கெட் போடும் முன்பே, அந்தப் பதிவாளர் அலுவலகத்தில் இன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பெயரைச் சேர்க்கும்போது பள்ளிச் சான்றிதழில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து கொடுக்க வேண்டும். ஒருமுறை ஏறிய பெயரில் எழுத்துப் பிழையைத் திருத்தலாம். பெயரையே மாற்றுவது நடக்காத காரியம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

திருத்தத்துக்கும் ஒரு முறை இருக்கிறது. பதிவேட்டில் எழுதியதை அடித்து மேலே எழுத மாட்டார்கள். பழையது அப்படியே இருக்க, ஓரத்தில் திருத்தம் எழுதி, பதிவாளர் தேதியோடு கையெழுத்திடுவார். அதற்கு ஆதாரமான ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். ‘பள்ளிச் சான்றிதழுக்கு ஏற்றாற்போலப் பிறந்த தேதியை மாற்றிக் கொடுங்கள்’ என்று கேட்பது பலன் தராது. பதிவேட்டைப் பார்த்துப் பள்ளிச் சான்றிதழைத் திருத்தலாமா என்று கேட்பதே சரியான திசை.

பதிவே இல்லை என்றால்?

முறையாகத் தேடியும் கிடைக்கவில்லை என்றால், வெறும் வாய்வார்த்தையோடு திரும்பி வரக் கூடாது. ‘பதிவு இல்லை’ என்பதற்கே ஒரு சான்று உண்டு. படிவம் 10 என்று அதற்குப் பெயர். பேச்சுவழக்கில் ‘இன்மைச் சான்று’. அடுத்த எல்லா வேலைக்கும் அதுதான் முதல் படி.

பிறந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டால், பதிவாளரே நேரடியாகப் பதிய முடியாது. முன்பு சட்டம் முதல் வகுப்பு நடுவரின் உத்தரவைக் கேட்டது. 2023 திருத்தத்துக்குப் பிறகு மாவட்ட ஆட்சியர், கோட்ட அளவிலான நடுவர் அல்லது ஆட்சியர் அதிகாரம் அளித்த நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். எம்.புதுப்பட்டிப் பகுதியினருக்கு இது சிவகாசிக் கோட்ட அலுவலகத்து வேலை.

விண்ணப்பத்தோடு இன்மைச் சான்று, பள்ளி மாற்றுச் சான்றிதழ், மருத்துவமனைச் சீட்டு, தடுப்பூசி அட்டை, ஜாதகம் என்று கையில் இருப்பதை எல்லாம் இணைக்க வேண்டும். பிறந்த காலத்துக்கு எவ்வளவு பக்கத்தில் உருவான ஆவணமோ, அவ்வளவு மதிப்பு. போன மாதம் எடுத்த அட்டையைவிட, 30 வருடத்துக்கு முந்தைய தடுப்பூசி அட்டைக்கு எடை அதிகம். வருவாய்த் துறை விசாரணை நடக்கும், ஊர்க்காரர்களிடமும் கேட்பார்கள். உத்தரவு கிடைத்ததும், பிறந்த இடத்துப் பதிவாளர் கட்டணம் வாங்கிக்கொண்டு பதிந்து தருவார். நாலு நாளில் முடிகிற வேலை இல்லை; தேவை வரும் முன்பே தொடங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

பி.எஃப். உறுப்பினராக இருந்து, எந்தச் சான்றும் இல்லாத தொழிலாளிக்குக் கடைசியாக ஒரு வழி இருக்கிறது: அரசு மருத்துவ அதிகாரியின் வயதுச் சான்றும், முறைப்படி உறுதிசெய்த பிரமாணப் பத்திரமும். பி.எஃப். பென்ஷன் 58 வயதிலும், முதியோர் உதவித்தொகை 60 வயதிலும் தொடங்குகின்றன. வயதை மூன்று வருடம் குறைத்துப் போட்டுவிட்டால், வாங்க வேண்டிய பணமும் மூன்று வருடம் தள்ளிப்போகும்.

வெளிநாட்டுக்கு அனுப்ப…

பழைய சான்றிதழைக் கையில் வைத்திருப்பவர்கள் அதையே ஸ்கேன் செய்து அனுப்புவதைவிட, புதிதாக ஒரு நகல் வாங்குவது நல்லது. இப்போது தரப்படும் சான்றிதழில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இந்தியா 2005-ல் சேர்ந்தது. அதில் உள்ள நாடுகளுக்கு, மாநில அரசின் அத்தாட்சிக்குப் பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை போதும். ஒப்பந்தத்தில் இல்லாத நாடுகளுக்கு அந்நாட்டுத் தூதரகத்தின் அத்தாட்சியும் தேவைப்படும். அமெரிக்கக் குடியேற்ற விண்ணப்பத்தில் பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள், இன்மைச் சான்றோடு பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினரின் பிரமாணப் பத்திரம் போன்ற துணை ஆவணங்களைக் கொடுப்பது வழக்கம்.

இப்போது பிறக்கும் குழந்தைக்கு

தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. ஆகவே பதிவு ஆகாமல் போவது அரிது. பிழையோடு பதிவாவதுதான் இன்றைய பிரச்சினை.

கர்ப்பம் உறுதியானதுமே கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணை வாங்கிவிட வேண்டும். தமிழ்நாட்டில் பிறப்புப் பதிவுக்கு அந்த எண் அவசியம். பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவர்கள் அதைக் கையோடு கொண்டு போக வேண்டும். பிறந்த 21 நாட்களுக்குள் பதிவுக்குத் தகவல் போய்விட வேண்டும். 30 நாட்கள் வரை தாமதக் கட்டணத்தோடு பதியலாம். அதற்கு மேல் ஓராண்டு வரை உரிய அதிகாரியின் அனுமதி வேண்டும். மருத்துவமனையில் படிவம் எழுதும்போது, பெற்றோர் பெயரை ஆதாரில் உள்ளபடியே எழுதச் சொல்லி, ஒருமுறை வாங்கிப் படித்துப் பார்க்க வேண்டும். பிரசவ வார்டு பதற்றத்தில் யாரோ ஒரு சித்தப்பா சொல்லி எழுதிய பெயர்தான் பின்னால் பல வருடம் அலைய வைக்கிறது.

பதிவு முடிந்த 7 நாட்களுக்குள், தகவல் கொடுத்தவருக்குச் சான்றிதழ் இலவசமாகத் தரப்பட வேண்டும் என்கிறது திருத்தப்பட்ட சட்டம். கூடுதல் பிரதிகளுக்குத்தான் கட்டணம். ‘நாங்களே வாங்கித் தருகிறோம்’ என்று வரும் இடைத்தரகர்களிடமும், அரசுத் தளம் போலவே இருக்கும் போலி இணையதளங்களிடமும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். போலிச் சான்றிதழ் கொடுத்தவர் காணாமல் போய்விடுவார். அதைக் கொண்டுபோய்க் காட்டியவர்தான் மாட்டுவார்.

விண்ணப்பத்தை வாங்க மறுத்தாலோ, காரணம் இல்லாமல் நிராகரித்தாலோ அத்தோடு விட்டுவிட வேண்டியதில்லை. பதிவாளரின் முடிவை எதிர்த்து மாவட்டப் பதிவாளரிடமும், அவருடைய முடிவை எதிர்த்துத் தலைமைப் பதிவாளரிடமும் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 90 நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். 2023 திருத்தத்தில் புதிதாக வந்த உரிமை இது. இதைப் பயன்படுத்த எழுத்துப்பூர்வமான பதில் கையில் இருக்க வேண்டும். “இல்லைன்னு எழுதிக் குடுத்துருங்க சார்” என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இந்த முறை தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள், வேலைக்குப் போகும் அம்மா, அத்தை, பெரியம்மாவின் அட்டைகளை எடுத்து ஒருமுறை பார்க்கலாம். பிறந்த தேதி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஆண்டு மட்டும் இருந்தால், அல்லது ஜனவரி 1 என்று இருந்தால், அது உத்தேசமாகப் போட்டதாகவே இருக்க வாய்ப்பு அதிகம். அவர் பிறந்த ஊர் எது, எந்த ஆண்டு என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டால், எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.